இடம் குறைந்த வீட்டில் மாதிரி ரயில் பாதை: அறிகுறியைக் கொண்டு கோளாற்றைக் கண்டறிதல்

கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் மாதிரி ரயிலுக்கு ஒதுக்கக்கூடிய இடம் பெரும்பாலும் சுவரோரத்து இறாக்கை ஒன்றாகவோ, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கக்கூடிய பலகை ஒன்றாகவோதான் இருக்கும். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் நண்பர்களின் பலகைகளைத் திருத்திக் கொடுத்துவருவதில் எனக்கு உறுதிப்பட்ட விடயம் ஒன்று உண்டு. எஞ்சினின் கோளாறு என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி, அந்தச் சிறிய இடத்துக்குள் பாதையை வரைந்த விதத்தின் கோளாறாகவே முடிகிறது. அது புதிய எஞ்சின் வாங்குவதால் தீராது. கடதாசியும் அளவுகோலும் எடுத்தால் பெரும்பாலும் தீரும். ஆகவே இங்கே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தை முதலிலும், பலகையையே மாற்ற வேண்டிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். மேலே உள்ளதைச் சோதிக்காமல் கீழே உள்ளதற்குப் போக வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: சிறிய ரசமட்டம் ஒன்று, இரும்பு அளவுகோல் ஒன்று, மலிவான மல்டிமீற்றர் ஒன்று, மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோல், பஞ்சு அல்லது நூல் உதிராத துணி. கீழே ‘என்’ என்று குறிப்பிடுவது, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 9 மி.மீ. அகலம் உள்ள பாதையில் ஓடும் அளவு. ‘ஓஓ’, ‘எச்ஓ’ என்பன இரண்டும் 16.5 மி.மீ. பாதையில் ஓடுபவை.

## அறிகுறி: பெட்டிகள் தடம் புரள்கின்றன

முதலில் ஒரே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்தில் புரள்கின்றனவா, ஒரே பெட்டி எல்லா இடத்திலும் புரள்கிறதா, அல்லது நீண்ட பெட்டிகள் மட்டும் வளைவுகளில் புரள்கின்றனவா? புரளும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, எந்தப் பெட்டி என்பதையும் எழுதிக்கொண்டு, ரயிலை இரு திசையிலும் மெதுவாக ஓட்டினால், சிறிது நேரத்தில் விடை தானாகவே தெரிந்துவிடும்.

எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்தில் புரண்டால் குற்றம் பாதையில் இருக்கிறது. இரு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்து இழுத்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் படி ஏதும் இருந்தால், ஒரு தண்டவாளம் இணைப்பானுக்குள் நுழையாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கழற்றி மறுபடி பொருத்தினால் போதும். படி இல்லையென்றால் ரசமட்டத்தைப் பாதைக்குக் குறுக்கே வைத்து, ஒரு தண்டவாளம் மற்றதைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாழ்ந்திருந்தால் பாதையின் கீழே மெல்லிய கடதாசி அட்டையைச் செருகி உயர்த்தலாம். இடம் ஒரு பொயின்ட்டாக (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பிரிவு) இருந்தால், அதன் அசையும் நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிப் படிகிறதா என்பதையும், இடையில் ஒரு துகள் சரளையோ பசைக்கட்டியோ சிக்கியிருக்கிறதா என்பதையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்.

ஒரே பெட்டி எல்லா இடத்திலும் புரண்டால் அதன் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். ஓஓ அளவில் ஓர் அச்சின் இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 14.5 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். அது குறைந்தால் பொயின்ட்டில் ஏறும், கூடினால் வளைவில் இறுகும். சக்கரத்தை அச்சில் மெல்லத் திருகியவாறே நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். அடுத்தது எடை: வெறும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் தரைக்கு மிக அருகில் ஓர் இரும்பு நட்டை ஒட்டினாலே பல பெட்டிகள் அடங்கிவிடும்.

நீண்ட பெட்டிகள் மட்டும் வளைவில் புரண்டால் வரைபடத்துக்குத் திரும்ப வேண்டும், இடம் குறைந்த பலகைகளில் மிக அடிக்கடி வருவது இதுதான். பெட்டியின் நீளத்தைப் போல இரு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் நம்பிக்கையான ஓட்டத்தை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டரை மடங்கு இருந்தால் பெரும்பாலானவை ஓடும். மூன்று மடங்கு இருந்தால் கவலை இல்லை. யப்பானிய என் அளவுப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மீற்றர் நீளமான உண்மைப் பெட்டி 1:150 விகிதத்தில் 133 மி.மீ. ஆகிறது, அதன் இரு மடங்கு 266. கேற்றோ நிறுவனத்தின் பாதைத் துண்டுகளில் 249 ஆரம் இந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயும், 282 ஆரம் சற்று மேலேயும் விழுகின்றன. ஆனால் நான்கடிக்கு இரண்டடிப் பலகையின் அகலம் 610 மி.மீ. மட்டுமே என்பதால், 282 ஆர வளைவை அதில் வைத்தால் பாதையின் நடுக்கோட்டுக்கும் பலகை விளிம்புக்கும் இடையே இருபுறமும் 23 மி.மீ. தான் மிஞ்சும். அவ்வாறு வைப்பவர்கள் விளிம்பில் சிறிய தடுப்பு ஒன்றைக் கட்டாயம் ஒட்ட வேண்டும். புரளும் எஞ்சின் சீமெந்துத் தரையில் விழுந்தால் அதைத் திருத்தும் செலவு தடுப்பின் செலவைப் போலப் பல மடங்காகும்.

ஓஓ அளவில் கணக்கு இன்னும் கண்டிப்பானது. ஹோர்ன்பி நிறுவனத்தின் மிக இறுக்கமான பாதை வளைவே 371 மி.மீ. ஆரமுடையது, அடுத்தது 438. முதலாவதன் விட்டம் 742 மி.மீ. ஆக, இரண்டடிப் பலகையில் ஓஓ வட்டம் நுழையவே நுழையாது. அதை எப்படியாவது நுழைக்கலாம் என்று வளைந்துகொடுக்கும் பாதையை இன்னும் இறுக்கி வளைப்பவர்களின் பலகைகள்தாம் என்னிடம் அதிகம் வருகின்றன. அவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. நீண்ட பெட்டிகளை அலமாரியில் வைத்துவிட்டு நான்கு சக்கரச் சரக்குப் பெட்டிகளை மட்டும் ஓட்டலாம்; இதற்குச் செலவே இல்லை. வட்டத்தைக் கைவிட்டு, முனைக்கு முனை ஓடும் நேர்ப்பாதையாக மாற்றலாம். மூன்றாவது, என் அளவுக்கு மாறுவது. இது எல்லாவற்றையும் மறுபடி வாங்குவதாகும் என்பதால் கடைசி வழி.

வளைவின் ஆரம் போதுமாக இருந்தும் புரண்டால், இடப்பக்கம் வளைந்த பாதை உடனேயே வலப்பக்கம் வளைகிறதா என்று பாருங்கள். அவ்விரு வளைவுகளுக்கும் நடுவே, உங்களிடமுள்ள மிக நீண்ட பெட்டியின் நீளத்துக்காவது நேர்ப்பாதை இருக்க வேண்டும். இரண்டு பொயின்ட்டுகளை நேருக்கு நேர் இணைத்து அடுத்த பாதைக்குத் தாவும் இடத்திலும் இதே வளைவு ஒளிந்திருக்கிறது; அங்கே கூடிய நீளமான பொயின்ட்டுகளைப் போடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

## அறிகுறி: ஏற்றத்தில் சக்கரங்கள் வழுக்குகின்றன

எஞ்சினின் சக்கரத்தில் இறப்பர் வளையம் இருந்தால், அது தேய்ந்து மினுங்குகிறதா என்று பாருங்கள். தண்டவாளத்தில் எண்ணெய் பட்டிருந்தால் துடையுங்கள். பெட்டிகள் இரண்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இவற்றால் தீரவில்லை என்றால் சரிவைக் கணக்கிட வேண்டும்.

ஒரு மீற்றருக்கு 2 ச.மீ. ஏறுவது இரண்டு வீதச் சரிவு. சிறிய எஞ்சின்களுக்கு இதுவே போதும். ஒரு பாதையின் மேலாக இன்னொன்று பாலத்தில் செல்ல என் அளவில் ஏறத்தாழ 5 ச.மீ. உயரம் வேண்டும். நான்கடிக்கு இரண்டடிப் பலகையில் 249 ஆர வளைவுகளோடு வரையும் நீள்வட்டத்தின் முழுச் சுற்றளவு 2.8 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதியில் ஏறிப் பாதியில் இறங்குவதென்றால் சரிவு மூன்றரை வீதத்துக்கு மேல் போய்விடும், அதுவும் சமதரையிலிருந்து சரிவுக்கு மெல்ல மாறும் இடத்தைக் கணக்கில் எடுக்காமல். வளைவில் ஏறும் ரயில் நேரில் ஏறுவதைவிடக் கூடுதலாக இழுபடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இத்தனை சிறிய பலகையில் மேம்பாலம் வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. பாலம் பார்க்க ஆசையிருந்தால் பாதையை மட்டமாக வைத்துத் தரையைக் கீழே வெட்டுங்கள்; வெள்ளவத்தைக் கால்வாயைப் போன்ற ஓர் ஓடையின் மேல் செல்லும் சிறிய பாலம் ரயிலுக்கு எந்தச் சுமையும் தராது.

## அறிகுறி: எஞ்சின் நின்று நின்று ஓடுகிறது

எல்லா இடத்திலும் தயங்கினால் அழுக்குத்தான் காரணம். கடற்கரையோரத்து வீடுகளில் உப்புக்காற்றும் ஈரப்பதனும், சன்னலைத் திறந்துவைக்கும் பழக்கத்தால் வரும் வீதித் தூசியும் சேர்ந்து தண்டவாளத்தில் கரிய படலமாகப் படிகின்றன. துணியில் ஐசோபுரோப்பைல் அல்ககோலை நனைத்துத் தண்டவாளத்தைத் துடையுங்கள். பின்னர் எஞ்சினின் சக்கரங்களையும் துடையுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சொரசொரப்பான தாளால் தேய்க்கவே கூடாது. அது விடும் கீறல்களுக்குள் அடுத்த அழுக்கு இன்னும் விரைவாகத் தங்கும். பழைய பாதைத் தொகுதிகளில் உருக்குத் தண்டவாளம் இருக்கக்கூடும். காந்தம் ஒட்டினால் அது உருக்கு. கடலருகே அது துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். நிக்கல் சில்வர் எனப்படும் கலப்புலோகத் தண்டவாளத்துக்கு மாறுவதே அதற்கு நிலையான தீர்வு. அடுத்த பலகைக்காவது அதையே வாங்குங்கள்.

பாதைக்கு மின்சாரம் தந்து வேகத்தை மாற்றும் கொன்ட்ரோலருக்கு எதிர்முனையில் மட்டும் மெதுவானால் மின்சாரம் இணைப்பான்களைத் தாண்டிப் போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீற்றரால் கொன்ட்ரோலரின் அருகிலும் மறுமுனையிலும் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான வோல்ற்றளவை அளந்து பாருங்கள். ஒரு வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இதுவேதான். நிற்கும் எஞ்சினை வைத்து அளந்தால் வித்தியாசம் தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும். தளர்ந்த இணைப்பானைக் குறட்டால் மெல்ல நெரித்து இறுக்குவது தற்காலிகமாக உதவும். நிலையான வழி, பலகையின் கீழ் ஒரு சோடி வயரை முனைக்கு முனை ஓடவிட்டு, ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் அதிலிருந்து மெல்லிய வயர்களை ஏற்றி ஈயத்தால் பற்றவைப்பது. நான்கடிப் பலகைக்கு 1 சதுர மி.மீ. வயர் தாராளம், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எந்த மின்சாரப் பொருட்கடையிலும் கிடைக்கும். இணைப்பான் தண்டவாளங்களை நேராகப் பிடித்துக்கொள்வதற்கானது. மின்சாரத்தையும் அதனிடமே ஒப்படைத்தால் ஈரப்பதன் கூடிய இந்த ஊரில் அது நெடுநாள் தாக்குப்பிடிக்காது.

பொயின்ட்டின் மேல் மட்டும் நின்றுவிட்டால் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் நடுமுனை பிளாஸ்ரிக்கால் ஆனதா என்று பாருங்கள். பிளாஸ்ரிக் முனையில் மின்சாரம் கிடையாது. நீண்ட எஞ்சின் தன் மற்றச் சக்கரங்களால் அதைத் தாண்டிவிடும். இரண்டு அச்சுகள் மட்டுமே கொண்ட சிறிய எஞ்சின் அங்கேயே நிற்கும். இடம் குறைந்தவர்கள் வளைவுக்காகச் சிறிய எஞ்சினையும், விலைக்காகப் பிளாஸ்ரிக் முனைப் பொயின்ட்டையும் ஒன்றாக வாங்குவதால் இந்தக் கோளாறு அவர்களைத்தான் தேடி வருகிறது. முதலில் சக்கரங்களைத் துடையுங்கள். போதாவிட்டால் உலோக முனையுள்ள பொயின்ட்டுக்கு மாறி, அம்முனைக்கு மின்சாரத்தைத் திசைமாற்றித் தரும் சுவிட்ச் ஒன்றை இணையுங்கள். மின்தேக்கி மூலம் எஞ்சினுக்குள் சிறிது மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் ஏற்பாடு டிசிசி முறையில் (ஒவ்வோர் எஞ்சினுக்கும் தண்டவாளம் வழியே தனித்தனிக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) உண்டு. அதைப் பொருத்தும் நுண்ணிய பற்றவைப்பு கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு உகந்ததல்ல. கைத்தொலைபேசி திருத்துபவர்களிடம் அதற்கேற்ற கருவியும் கண்ணும் இருக்கும். இணைப்பு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள்.

## அறிகுறி: ரயில் ஓர் இடத்துக்குள் நுழைந்ததும் எல்லாமே நின்றுவிடுகிறது

கீழே விழுந்துகிடக்கும் ஆணியோ, கத்தரித்த வயர்த் துண்டோ இரு தண்டவாளங்களையும் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால், புதிதாக வைத்த பாதையில் திரும்புவளையம் ஒன்று, அதாவது ரயிலை எதிர்த்திசையில் திருப்பி அதே பாதைக்குக் கொண்டுவரும் வளையம், அறியாமலே உருவாகியிருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக நீள்வட்டத்துக்குள் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்குப் பாதை போட்டவர்களுக்கு இது கட்டாயம் வரும்.

சோதனை கடதாசியில்தான். வரைபடத்தின் ஒவ்வொரு பாதையையும் இரட்டைக் கோடாக வரைந்து, ஒரு தண்டவாளத்தைச் சிவப்பாலும் மற்றதை நீலத்தாலும் விரலை எடுக்காமல் தொடருங்கள். எங்காவது சிவப்பு நீலத்தைச் சந்தித்தால் அங்கே குறுஞ்சுற்று இருக்கிறது. அந்தக் குறுக்குப் பாதையை எடுத்துவிடுவது இலவசமான தீர்வு. வைத்தே ஆகவேண்டும் என்றால், அதன் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிப் பிளாஸ்ரிக் இணைப்பான் போட்டு, நடுப்பகுதிக்குத் தனியான திசைமாற்றுச் சுவிட்ச்சோ, டிசிசி என்றால் தானியங்கித் திசைமாற்றியோ பொருத்த வேண்டும். தனிமைப்படுத்திய பகுதி உங்கள் மிக நீண்ட ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். சிறிய பலகையில் அந்த நீளம் கிடைப்பது அரிது என்பதால், வரையும் கட்டத்திலேயே இதைத் தவிர்ப்பது நல்லது.

## அறிகுறி: அடப்டரோ கொன்ட்ரோலரோ சூடேறுகிறது, மணக்கிறது

உடனே பிளக்கைக் கழற்றுங்கள். அடப்டரின் அடியில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். யப்பானிலிருந்து வருவது 100 வோல்ற்றுக்கும், அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ற்றுக்கும் மட்டுமே செய்யப்பட்டிருக்கலாம். இங்கே சுவரில் இருப்பது 230. உறவினர் கொண்டுவந்து கொடுத்த தொகுதிகளில் இதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிராத அடப்டரை ஒருபோதும் நேரடியாகச் செருகக் கூடாது; வோல்ற்றைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும், அல்லது அதே வெளியீட்டு வோல்ற்றும் அம்பியரும் தரும் உள்ளூர் அடப்டர் வேண்டும்.

சரியான அடப்டரே சூடேறினால் அதைத் திறக்காதீர்கள். பாதைப் பக்கத்து 12 வோல்ற்றை நீங்கள் தொடலாம். சுவர்ப் பக்கத்து 230 வோல்ற்றில் செய்ய வேண்டிய எந்த வேலையும் தகுதியுள்ள எலக்ட்ரீசியனுடையது. சுவர் பிளக்கில் கருகிய தடம் தெரிந்தாலும் அப்படியே. இடியுடன் மழை பெய்யும் ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் பலகையின் பிளக்கைக் கழற்றியே வையுங்கள்.

## அறிகுறி: சரியாக இருந்த பாதை வளைந்து எழும்பிவிட்டது

பலரும் வெயிலில் தண்டவாளம் நீண்டுவிட்டது என்கிறார்கள். ஆனால் ஒரு மீற்றர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 10 பாகை சூடேறினால் நீளுவது 0.2 மி.மீ. ஐக்கூட எட்டாது. உண்மையில் அசைவது பெரும்பாலும் பலகை. இரவில் குளிரூட்டி ஓடி, பகலில் சன்னல் திறந்திருக்கும் அறையில் மரம் நாள்தோறும் காய்ந்தும் ஈரம் குடித்தும் கொண்டிருக்கும்.

இணைப்புகளில் கடதாசி அட்டையின் தடிப்பளவு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மீற்றருக்கு ஓரிடத்திலாவது விடுங்கள். பலகையை நேரடி வெயிலிலிருந்து நகர்த்துங்கள். பலகையின் அடிப்பக்கத்தையும் வெட்டிய விளிம்புகளையும் தொட்டுப் பாருங்கள்; மேற்பக்கம் மட்டும் வர்ணம் பூசப்பட்டு அடிப்பக்கம் வெறுமையாக இருந்தால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து அது கிண்ணம்போல் வளையும். ஆறு பக்கமும் வார்னிஷ் பூசுங்கள். எம்டிஎஃப் பலகையின் விளிம்பு ஒருமுறை ஊதிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. நீளமான அளவுகோலை வைத்துப் பார்க்கையில் நடுவில் 3 மி.மீ. க்கு மேல் வளைவு தெரிந்தால் தச்சு பாஸ் ஒருவரை அழைத்து, கீழே குறுக்குச் சட்டங்கள் போட்ட புதிய பிளைவுட் பலகை செய்விப்பதே சிக்கனம். அடிப்பக்கத்தில் மண் கோடுகளோ பொடியோ கண்டால் அது கறையான். பலகையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், பூச்சி கட்டுப்படுத்துபவரை அழையுங்கள், ஏனெனில் அது பலகையோடு மட்டும் நின்றிருக்காது.

## அறிகுறி: கை எட்டவில்லை, பலகை வாசலால் போகவில்லை

ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அணுகக்கூடிய பலகையின் அகலம் 60 ச.மீ. ஐத் தாண்டக் கூடாது. பொயின்ட்டுகளையும் பெட்டிகளைக் கழற்றும் இடங்களையும் முன்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வாடகை வீடு என்றால் பலகையை நான்கடித் துண்டுகளாகவே செய்யுங்கள். லிப்டின் உள்ளளவையும் மாடிப்படித் திருப்பத்தையும் செய்வதற்கு முன்னரே அளந்துகொள்ளுங்கள். துண்டுகள் சேரும் இடத்தில் பொயின்ட் வரக்கூடாது. சுவரில் இறாக்கையாகப் பொருத்துவதென்றால், அது கொங்கிறீற்றா, செங்கல்லா, மெல்லிய தடுப்புப் பலகையா என்பதைத் தட்டிப் பார்த்து அறியுங்கள்; தடுப்புப் பலகையானால் பாஸ் ஒருவரிடம் விடுங்கள்.

## அறிகுறி: எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் ஓட்ட மனமில்லை

இதையும் நான் கோளாறாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் கைவிடப்பட்ட பலகைகளில் பல எந்தப் பழுதும் இல்லாதவை. ரயில் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிற்பதற்கு இடமில்லை, செய்வதற்கு வேலையில்லை.

முதலில், ஏற்கெனவே உள்ள பக்கப்பாதைகளின் நீளத்தைப் பெட்டிகளின் எண்ணிக்கையில் அளந்து பாருங்கள். பொயின்ட்டை அடைக்காமல் மூன்று பெட்டிகளாவது நிற்க முடியாத பக்கப்பாதை பயனற்றது. மூன்று குட்டைப் பாதைகளை எடுத்துவிட்டு ஒரு நீண்ட பாதையைப் போடுங்கள். அதுவும் போதாதென்றால் வட்டத்தையே விட்டுவிட்டு இங்கிள்நூக் எனப்படும் அமைப்பை வரையுங்கள். பிரித்தானியரான அலன் ரைட் வகுத்த அதில் இரண்டே இரண்டு பொயின்ட்டுகளும் மூன்று பக்கப்பாதைகளும் உண்டு: ஒன்றில் ஐந்து பெட்டிகள், மற்ற இரண்டில் மும்மூன்று, முன்னால் உள்ள பாதையில் எஞ்சினும் மூன்று பெட்டிகளும் நிற்க வேண்டும். எட்டுப் பெட்டிகளைக் கலந்துவிட்டு, சீட்டெடுத்து வரும் ஐந்தை அதே வரிசையில் கோக்க வேண்டும் என்பதே வேலை. ஓஓ அளவில் ஐந்தடி இறாக்கை இதற்குத் தாராளம். என் அளவில் அதில் பாதி போதும். திரும்புவளையம் இல்லை, ஏற்றம் இல்லை, இறுகிய வளைவு இல்லை. மேலே சொன்ன கோளாறுகளில் பாதிக்கு இங்கே இடமே இல்லை.

பயணிகள் ரயில்தான் வேண்டும் என்பவர்களுக்கு, நம் வீடுகளுக்கு அருகிலேயே ஓடும் கரையோரப் பாதை நல்ல வரைபடம் தருகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி நிலையங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மரின் டிரைவ்; பாதை ஏறக்குறைய நேரானது, ஒடுங்கியது. கடலைச் சுவரோரத்துப் பின்திரையில் வரைந்துவிட்டால் அதற்கு அகலமே தேவையில்லை. 30 ச.மீ. இறாக்கையில் இரட்டைப் பாதையும் மேடையும் அமைந்துவிடும்; இரு முனைகளிலும் ரயில் மறைந்து காத்திருக்க, அந்த ரயிலின் முழு நீளத்துக்குச் சமமான பாதை வேண்டும். அந்த நீளத்தை முதலில் அளந்து குறித்துவிட்டு, மிஞ்சுவதில் நிலையத்தை வரையுங்கள்.